மைக் வாங்கும் முன் மண்ணைப் பார்

வீட்டிலேயே ஸ்டூடியோ போடப்போகிறேன் என்று யோசனை கேட்டு வருகிற பிள்ளைகள் எல்லோரும் மைக்கில்தான் ஆரம்பிப்பார்கள். எந்த மைக் நல்லது சார், இந்த இன்டர்ஃபேஸ் போதுமா சார், சுவரில் எவ்வளவு கனத்துக்கு ஃபோம் ஒட்டலாம் சார். எல்லாவற்றுக்கும் தெரிந்ததைச் சொல்வேன். அவர்கள் கிளம்பும் நேரத்தில் நான் ஒன்று கேட்பேன்: "உங்க வீட்டு எர்த் குழி எங்கேப்பா இருக்கு?" பெரும்பாலும் பதில் வராது. சிலர் சிரிப்பார்கள். ஒரு பையன், "அதெல்லாம் ஹவுஸ் ஓனருக்குத்தான் சார் தெரியும்" என்றான். ஓனருக்கும் தெரியாது என்பது போய்ப் பார்த்தபோது தெரிந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நான் பாட்டுக்காரன் இல்லை. எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. வடபழனி, சாலிகிராமம் பக்கத்து ரெக்கார்டிங் தியேட்டர்களில் கரண்ட்டையும் மெஷின்களையும் பார்த்துக்கொள்கிற வேலையிலேயே தலை நரைத்தவன். அங்கே பாடுகிறவர் நிற்க ஓர் அறை, சவுண்ட் இன்ஜினீயர் உட்கார ஓர் அறை என்று இரண்டைத்தான் வெளியாட்கள் பார்த்திருப்பார்கள். மூன்றாவதாக ஓர் அறை உண்டு. கட்டடத்தின் பின்பக்கம், ஆளுயர சர்வோ ஸ்டெபிலைசரும் மெயின் போர்டும் இருக்கிற பவர் ரூம். அதை ஒட்டிய கொட்டகையில் டீசல் ஜெனரேட்டர். ஸ்டெபிலைசருக்குள் மோட்டார் 'கர்ர்' என்று திரும்புகிற சத்தத்தை வைத்தே தெருவில் வோல்டேஜ் நிலையாக இருக்கிறதா, தடுமாறுகிறதா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். ஹாலில் வரிசையாக வயலின்காரர்கள் வில்லை எடுத்துக் காத்திருக்கும்போது கரண்ட் ஒரு நொடி கண் சிமிட்டினால் அத்தனை பேரின் கால்ஷீட்டும் வீண். அதனால் அந்த அறைக்குச் செலவு செய்ய முதலாளிகள் யோசித்ததில்லை. பாடகர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஓர் அறை இருப்பதே தெரியாது. தெரியாமல் இருந்ததுதான் எங்கள் வேலைக்குக் கிடைத்த நற்சான்று.

1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டி பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டூடியோவை அமைத்தபோது, வீட்டோடு ஸ்டூடியோ என்பது அபூர்வம். இன்று கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு மேஜை போதும். லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர், ஒரு கீபோர்டு இருந்தால் பாட்டு வெளியே போய்விடுகிறது. மகிழ்ச்சிதான். முன்பு மூன்று அறையில் பல பேர் பார்த்த வேலையை இப்போது ஒரே ஆள் பார்க்கிறான். பாடகர் வேலையை விரும்பி எடுத்துக்கொண்டான். இன்ஜினீயர் வேலையை யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டான். பவர் ரூம் வேலையை மட்டும் யாரும் ஏற்கவில்லை. அந்த வேலை காலியாகவே கிடக்கிறது. அது காலியாகக் கிடப்பது, கரண்ட் ஒழுங்காக இருக்கிற நாளில் யாருக்கும் தெரிவதில்லை.

கரண்ட்டால் வரும் கேடு என்றதும் எல்லோருக்கும் இடி மின்னல்தான் நினைவுக்கு வரும். நம் ஊரில் அதைவிட அதிகம் நான் பார்த்த எதிரி நியூட்ரல் கட். வெயில் காலத்திலும் வரும், மழையிலும் வரும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தெருவுக்கு மூன்று ஃபேஸும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400 வோல்ட். அந்த நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தாலோ, முறுக்கிக் கட்டிய இடத்தில் துருப்பிடித்துத் தளர்ந்தாலோ, தனித்தனி ஃபேஸில் இருக்கும் இரண்டு வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து அந்த 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். அந்தப் பங்கு நியாயமானது இல்லை. அதிக லோடு ஓடுகிற வீட்டுக்குக் குறைந்த வோல்டேஜ். குறைந்த லோடு ஓடுகிற வீட்டுக்கு அதிக வோல்டேஜ்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ராத்திரி நேரம். கீழ் வீட்டில் ஏசியும் கீசருமாக 2000 வாட் ஓடுகிறது. மேல் வீட்டில் நம் பையன் ஏசியைக்கூட அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் 200 வாட்டில் பாடிப் பதிவு செய்கிறான். நியூட்ரல் போனால் அவன் பிளக்கில் நிற்பது சுமார் 360 வோல்ட். ஒழுங்கான 230 வோல்ட்டின் உச்சி 325 வோல்ட் என்பதால், அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரைப் பெரும்பாலும் 400 வோல்ட் தாங்குகிற மாதிரி வைக்கிறார்கள். 360 வோல்ட்டின் உச்சி 500-ஐத் தாண்டிவிடும். அதன் தலை புடைத்து, பட்டென்று வெடித்து, மீன் கவிச்சி மாதிரி ஒரு நெடி அறை முழுக்கப் பரவும். அந்த நெடியை ஒருமுறை மோந்தவன் மறக்கமாட்டான். சிக்கனமாகவும் அமைதியாகவும் வேலை செய்கிறவன் மேல்தான் அடி அதிகமாக விழுகிறது என்பதில் ஓர் அநியாயம் இருக்கிறது. அதனால்தான் சிறிய ஸ்டூடியோவுக்குக் காவல் கூடுதலாக வேண்டும் என்கிறேன்.

இதற்கு அறிகுறி உண்டு. மூன்று ஃபேஸும் வருகிற வீட்டில் ஒரு ரூமில் டியூப் லைட் மங்கும், அடுத்த ரூமில் பல்ப் கண்ணைப் பறிக்கும். ஃபேன் திடீரென்று பேய் வேகத்தில் சுற்றும். அந்த நொடியில் காரணம் யோசிக்காமல் மெயினை அணைத்துவிட வேண்டும். பார்த்து, சிந்தித்து, "என்னடா இது" என்று அம்மாவைக் கூப்பிடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எனவே மனிதனுக்குப் பதில் ஒரு கருவி காவல் நிற்பது நல்லது. வீட்டுக்குள் கரண்ட்டைப் பிரித்துவிடுகிற டிபி பாக்ஸில் பொருத்துகிற ஓவர் வோல்டேஜ் – அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர் இருக்கிறது. வைத்த அளவை வோல்டேஜ் தாண்டினால் தானே துண்டித்து, சீரானதும் கொஞ்ச நேரம் பொறுத்துத் தானே சேர்க்கும். வீட்டு ஃபிரிட்ஜையும் சேர்த்துக் காப்பாற்றுகிற சாமான் அது. ஆனால் கடையில் அதைக் கேட்டு வாங்குகிற பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்தது இடி. ஒரு மின்னல் வீச்சில் சராசரியாக 30,000 ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் பாயும். அது நேராக நம் வீட்டின் மேல் விழ வேண்டும் என்பதில்லை. தெருக்கோடியில் விழுந்தாலும் கம்பிகளில் ஒரு திடீர் வீச்சைக் கிளப்பிவிடும். அது கரண்ட் கம்பி வழியாக மட்டும் வராது. கேபிள் டிவி ஒயர், மொட்டை மாடியில் இருந்து இறங்குகிற பிராட்பேண்ட் கேபிள், எல்லாமே அதற்கு வாசல்தான். பிளக்கையெல்லாம் பிடுங்கிவிட்டு லேன் ஒயரை மட்டும் விட்டுவைத்து, அதன் வழியாகக் கம்ப்யூட்டரைப் பறிகொடுத்தவர்கள் எத்தனையோ பேர். சித்திரை, வைகாசியில் சாயங்காலம் திடீரென்று கறுக்கிற வானமும், ஐப்பசி, கார்த்திகை மழையும் நமக்குப் பழக்கமானவை. மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் நடுவே எண்ணிப் பாருங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் சத்தம் கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, கடையைக் கட்டலாம் என்று பொருள். போனையே நம்புகிறவர்களுக்கு, புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி இருக்கிறது. பக்கத்தில் மின்னல் வருகிறதா என்று எச்சரிக்கும்.

மூன்றாவது எதிரி, போன கரண்ட் திரும்பி வருகிற நேரம். தெரு முழுக்க எல்லா வீட்டு மோட்டாரும் ஃபிரிட்ஜும் ஏசியும் ஒரே நொடியில் இழுக்க, வோல்டேஜ் துள்ளும், விழும், மறுபடி துள்ளும். சில சமயம் லைன்மேன் ஃபியூஸ் போட்ட அடுத்த நொடியே மறுபடி போகும். 2012-ல் சென்னைக்கு வெளியே பாதி நாள் கரண்ட் இல்லாமல் தவித்த காலத்தை அனுபவித்தவர்களுக்கு இது தெரியும். 2016 டிசம்பரில் வர்தா புயலும் 2018 நவம்பரில் கஜா புயலும் வந்துபோன பிறகு, மின் ஊழியர்கள் சோறு தண்ணி பார்க்காமல் கம்பம் நட்டு லைன் இழுத்தார்கள். கஜாவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமாயின. அப்படி அவசரத்தில் போட்ட லைனில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே பெரிய புயலுக்குப் பிறகு வருகிற முதல் கரண்ட்டுக்கு ஒரு பல்பை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். டெஸ்டரையும் வைத்துப் பார்த்துவிட்டு, கால் மணி நேரம் பொறுத்து ஸ்டூடியோவைத் திறந்தால் யாருடைய குடியும் மூழ்கிவிடாது.

இனி, கடையில் விற்கிற பெட்டிகள். இங்கேதான் குழப்பம் அதிகம். எம்சிபி இருக்கிறதே என்பார்கள். எம்சிபி அதிக ஆம்பியர் ஓடினால் விழும். அதிக வோல்ட் வந்தால் அதற்குக் கவலையில்லை. ஸ்டெபிலைசர் மெதுவாக ஏறி இறங்குகிற வோல்டேஜைச் சரிசெய்யும். இடியின் வேகம் அதற்குப் பிடிபடாது. யூபிஎஸ் கரண்ட் போனதும் பேட்டரியில் பிடித்துக்கொண்டு, வேலையைச் சேமிக்க அவகாசம் தரும். அதில் மலிவானவை தருகிற சதுர அலைக் கரண்ட்டில், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் ரீங்காரமிடும், சூடாகும். ஸ்டூடியோவுக்கு சைன் வேவ் யூபிஎஸ்தான். முடிந்தால் ஆன்லைன் யூபிஎஸ். சின்ன ஸ்டூடியோவுக்கு ஒரு கேவிஏ தாராளம். ஏசியையும் லேசர் பிரிண்டரையும் அதில் மாட்டாதீர்கள்.

ஸ்பைக் பஸ்டர் என்று எழுதிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் உண்மையாக வேலை செய்வது, பழைய ஒரு ரூபாய் நாணயம் போன்ற ஒரு சின்ன வட்டு. பெயர் வேரிஸ்டர். சாதாரண வோல்டேஜில் அது சும்மா இருக்கும். வீச்சு வந்தால் கண நேரத்தில் வழிவிட்டு, உபரியை வேறு பக்கம் திருப்பிவிடும். ஒவ்வொரு அடியிலும் அது கொஞ்சம் தேயும். ஒருநாள் செத்துப்போகும். செத்த பிறகும் சுவிட்சில் சிவப்பு விளக்கு எரியும், பிளக் பாயின்ட்டில் கரண்ட் வரும். உள்ளே காவலாளி மட்டும் இருக்கமாட்டான். நல்ல தயாரிப்பில், காவல் உயிரோடு இருக்கிறதா என்று காட்டத் தனி விளக்கு வைத்திருப்பார்கள். அது அணைந்தால் பாக்ஸை மாற்றிவிட வேண்டும். விலை குறைந்த பல பாக்ஸ்களில் அந்த வட்டே கிடையாது. பெயர் மட்டும்தான். நியூட்ரல் கட் மாதிரி நிமிஷக்கணக்கில் நிற்கிற மிகை வோல்டேஜுக்கும் வேரிஸ்டர் ஆகாது. அது பொசுங்கிவிடும். வீட்டு டிபியில் ஒரு டைப் 2 சர்ஜ் புரொடெக்டரைப் பொருத்தி, மேஜையில் இன்னொன்றை வைத்துக்கொள்வதுதான் முறை. டிபியில் பொருத்தும்போது அதற்குப் போகிற ஒயர் மொத்தமாக அரை மீட்டரைத் தாண்டக் கூடாது. சுருட்டி நீளமாக விட்டால், வீச்சின் ஒரு பங்கு அந்த ஒயரிலேயே நின்று உங்கள் கருவிக்குப் போய்விடும்.

இத்தனை பெட்டியும் திருப்பிவிடுகிற அந்த உபரி எங்கே போவது? மொட்டை மாடித் தொட்டிக்கு ஓவர்ஃப்ளோ குழாய் வைத்துவிட்டு, அதன் மறுமுனையைச் சிமென்ட் வைத்து அடைத்தால் என்ன ஆகுமோ அதுதான் எர்த் இல்லாத வீட்டில் சர்ஜ் புரொடெக்டர் மாட்டினால் ஆகும். போக வேண்டிய இடம் மண். அதனால்தான் முதலில் மண்ணைப் பார் என்கிறேன்.

அந்தப் பையன் வீட்டுக்கு வருவோம். பழைய அடுக்குமாடி, இரண்டாவது மாடி. நல்ல ரசனையோடு அறையை அமைத்திருந்தான். மைக்கைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏதோ குத்துகிறது, ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஓயாமல் இருக்கிறது என்பது அவன் குறை. மல்டிமீட்டரை எடுத்து பிளக் பாயின்ட்டில் வைத்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 228. சரி. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். முள் நூற்றுச் சொச்சத்தில் நின்றது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அங்கேயும் நூற்றுச் சொச்சம். அதாவது பிளக் பாயின்ட்டில் எர்த்துக்கான அந்தப் பெரிய ஓட்டைக்குப் பின்னால் மண் இல்லை. பச்சை ஒயர் இருந்தது, அது எங்கேயும் போய்ச் சேரவில்லை.

கீழே இறங்கித் தேடினோம். வாட்ச்மேன் பெரியவர்தான் காட்டினார்: "பார்க்கிங்குக்கு டைல்ஸ் போட்டப்போ மூடிட்டாங்க சார். அந்த வெள்ளைக் கார் நிக்குதில்ல, அதுக்கு அடியில." அவ்வளவுதான் விஷயம். காரை நகர்த்தச் சொல்லி, டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தால், இரும்புப் பட்டை துருவேறி விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. எத்தனை வருடமாக அந்தக் கட்டடத்தில் ஒரு வீட்டுக்கும் எர்த் இல்லை என்பதை யார் சொல்வது? எல்லா வீட்டிலும் வாஷிங் மெஷின் ஓடுகிறது, ஹீட்டர் ஓடுகிறது, குழந்தைகள் ஈரக் கையோடு ஃபிரிட்ஜைத் திறக்கிறார்கள்.

புதுக் குழி போட என்ன வேண்டும் என்பதை ஐஎஸ் 3043 என்ற இந்தியத் தரவிதி சொல்கிறது. நடைமுறையில் நம் எலக்ட்ரீஷியன்களுக்குத் தெரிந்த வழி: இரண்டரை மீட்டர் நீள ஜிஐ பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல் வைத்து, மூடி போட்டுக் கட்டிவிடுவது. இப்போது கெமிக்கல் எர்த்திங்கும் வந்துவிட்டது. எதைப் போட்டாலும் வருடா வருடம் ஆள் வைத்து அளந்து பார்க்க வேண்டும். கரி உப்புக் குழிக்குக் கோடையில் வாரத்துக்கு ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேப்பமரத்துக்கு ஊற்றுகிறவர்கள் அப்படியே நாலடி நடந்து இதற்கும் ஊற்றலாம்.

குழி இருந்தால் மட்டும் உயிர் பிழைத்துவிடாது. இதையும் தெரிந்துகொள்ளுங்கள். எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஃபேஸ் ஒயர் இரும்புப் பெட்டியில் பட்டாலும் மண்ணுக்குப் போவது 11, 12 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்சிபி அசையாது. அந்தப் பெட்டி கரண்ட்டோடு அப்படியே காத்திருக்கும். கசிவைக் கண்டு துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி டிபியில் இருந்தால், கசிவு தொடங்கியதுமே விழுந்துவிடும். மற்ற பெட்டிகள் எல்லாம் சாமானைக் காக்க. இது ஒன்று ஆளைக் காக்க. மாதம் ஒருமுறை அதன் 'டெஸ்ட்' பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

இப்போது நான் கோபப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பீக்கரில் ஹம் வந்தால், மூணு பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடு அல்லது டூ பின் கன்வெர்ட்டர் போடு, சத்தம் போய்விடும் என்று ஒரு யோசனை கைமாறிக்கொண்டே இருக்கிறது. சத்தம் போகும். அது உண்மை. நம் ஊர் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். எர்த் பின் மற்ற இரண்டையும்விடத் தடிப்பாகவும் நீளமாகவும் இருக்கும். செருகும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் மண்ணோடு சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாகத்தான் பிரிய வேண்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். முதலில் வந்து கடைசியில் போகிறவனையா வெட்டுவது?

1972 மே மாதம் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் 'ஸ்டோன் த க்ரோஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டார். எர்த் சரியில்லாத இணைப்பு. அங்கேயே விழுந்து இறந்தார். நான்கு ஆண்டு கழித்து, 1976 மே மாதத்தில், 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவில் பாடிய கீத் ரெல்ஃப், தன் வீட்டில் எர்த் ஒழுங்காக இல்லாத கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். அவருக்கு 33 வயது. மேடையல்ல, சொந்த வீடு. எலக்ட்ரிக் கிட்டாரின் தந்திகள் ஆம்ப்ளிஃபயரின் உலோக உடலோடு ஒயர் வழியாகச் சேர்ந்திருக்கும். அந்த உடலில் ஃபேஸ் பட்டு, எர்த்தும் இல்லையென்றால், தந்தியில் கரண்ட். ஒரு கை தந்தியில், உதடு மைக்கில். நடுவே நெஞ்சு. ஓர் இரைச்சலைப் போக்க இவ்வளவு விலை யாரும் கொடுக்க வேண்டியதில்லை.

ஹம்முக்கு நேர்வழி இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு கருவிகள் இரண்டு வெவ்வேறு பாயின்ட்டில் எர்த் ஆகி, சிக்னல் ஒயரின் ஷீல்டு வழியாகச் சுற்று உண்டாவதால்தான் அந்த 50 ஹெர்ட்ஸ் முனகல். எல்லாவற்றையும் ஒரே பாயின்ட்டிலிருந்து பிரித்து எடுங்கள். பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். கிட்டாருக்கு டிஐ பாக்ஸ் வைத்து, அதில் இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் பயன்படுத்துங்கள். அது சிக்னலின் எர்த்தைத்தான் பிரிக்கும், உயிர் காக்கிற எர்த்தைத் தொடாது. குறையை அதன் இடத்தில் தேடாமல், வசதியான இடத்தில் வெட்டிவிட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிற பழக்கம் ஸ்டூடியோவில் மட்டும் இல்லை. குடும்பத்திலும் ஆபீசிலும் அதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் எதையும் வெளிப்படையாகக் கேட்டு எல்லோர் காதிலும் முனகலாக விழுகிறவன், பல சமயம் அந்த வீட்டின் எர்த் பின்.

செலவில்லாத காவல் சில உண்டு. பழக்கம்தான் அதன் விலை. தொடங்கும்போது கம்ப்யூட்டரும் இன்டர்ஃபேஸும் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். முடிக்கும்போது ஸ்பீக்கர் முதலில். கண்டென்சர் மைக்கைக் கழற்றும் முன் 48 வோல்ட் ஃபேன்டம் பவரை அணைத்து, சில நொடி விட வேண்டும். கரண்ட் போனால் உடனே சுவிட்சுகளை அணைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போக வேண்டும். ஊருக்குப் போகிறீர்களா, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. மின்னலுக்கு அந்தச் சின்ன இடைவெளி ஒரு தடையே இல்லை. சுவிட்ச் போர்டுக்குள் எறும்பும் பல்லியும் குடியேறுவது நம் ஊர் வழக்கம். வருடத்துக்கு ஒருமுறை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, போர்டைத் திறந்து, தளர்ந்த திருகுகளை முடுக்கச் சொல்லுங்கள். அவர் வேலை செய்யும்போது போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். மைக்குக்கு நாற்பதாயிரம் கொடுத்தவன் எலக்ட்ரீஷியனிடம் நாற்பது ரூபாய்க்கு மல்லுக்கு நிற்பதைப் பார்க்கச் சகிக்காது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒருநாள் ஏதாவது போகும். எந்தக் காவலும் முழுக் காவல் இல்லை. அப்போது எது போகலாம், எது போகக் கூடாது என்று முன்பே முடிவு செய்து வைத்திருப்பவன்தான் நிம்மதியாகத் தூங்குவான். டேப்பில் பதிவு செய்த காலத்தில் கரண்ட் போனால் மெஷின் மெல்ல நின்றுவிடும். அதுவரை பாடியது நாடாவில் அப்படியே இருக்கும். இன்று சேமிப்பதற்குள் கரண்ட் போனால் பாடியதும் போகும், சில நேரம் டிஸ்க்கும் போகும். எனவே மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், அதில் ஒன்று வேறு வீட்டில் அல்லது இணையத்தில். மைக்கை மறுபடி வாங்கலாம். பாட்டி தாலாட்டுப் பாடியதைப் பதிந்து வைத்திருந்தால், பாட்டியை மறுபடி கூப்பிட முடியாது. ஆள் முதலில், பதிவு அடுத்தது, சாமான் கடைசி. செலவையும் அந்த வரிசையில் செய்யுங்கள். நான் பார்த்த வரையில் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள், ஏனென்றால் சாமான்தான் போட்டோவில் விழுகிறது.

அந்தப் பையனிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, எர்த் குழிக்கு ஆகிற செலவைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நியாயமான கேள்வி ஒன்று கேட்டான்: "வாடகை வீடுதானே சார். நாளைக்குக் காலி பண்ணிட்டுப் போயிடுவேன். மைக்கை எடுத்துட்டுப் போகலாம், யூபிஎஸ்ஸை எடுத்துட்டுப் போகலாம். குழியை எடுத்துட்டுப் போக முடியுமா?"

முடியாதுதான். ஓனரிடம் கேள், அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து நின்று பேசு, எல்லா வீட்டுக்கும் பங்கு போடச் சொல் என்றேன். அடுத்த வீடு பார்க்கும்போது பெயின்ட்டையும் பால்கனியையும் பார்ப்பதற்கு முன், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், ஒரு மல்டிமீட்டரோடு போ என்றேன். யாருமே பங்கு தராவிட்டாலும் நீயே போட்டுவிடு என்றும் சொன்னேன். உன் மைக்கைக் காக்கிற அதே குழிதான் மூன்றாம் மாடியில் தனியாகத் துணி துவைக்கிற அம்மாவையும் காக்கும், நீ போன பிறகு அந்த அறைக்கு வருகிற பெயர் தெரியாதவனையும் காக்கும். நாம் இப்போது பிழைத்திருப்பதே, நமக்கு முன்னால் இருந்த யாரோ ஒருவர் தனக்குத் திரும்பி வராத செலவைச் செய்துவிட்டுப் போனதால்தான். அந்தக் கணக்கில் நம் பங்குக்கும் ஒன்று இருக்கட்டும்.

அசோசியேஷனில் முக்கால் பங்கு கிடைத்தது. மீதியை அவன் போட்டான். அந்த மாதம் வாங்குவதாக இருந்த புது மைக்கைத் தள்ளிப்போட்டுவிட்டான். பழைய மைக்கில், ஹம் இல்லாமல், இப்போது பாட்டு நன்றாகவே வருகிறது.